மேடைக்கு ஓர் உரைகல்

தமிழில் ‘அரங்கேற்றம்’ என்னும் சொல் ஆடலுக்கும் உரியது, நூலுக்கும் உரியது. சிலப்பதிகாரத்து மாதவி 7 ஆண்டுகள் கலை பயின்று, 12ஆம் அகவையில் சோழ மன்னன் முன்னிலையில் ஆடித் தலைக்கோற் பட்டம் பெற்றாள். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதெனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. ஆடலாயினும் நூலாயினும் அறிந்தோர் அவையின் ஆய்வுக்கு உட்பட்ட பின்னரே உலகின் பாராட்டுக்கு உரியதாகும் என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை.

எனினும், இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. நூலை இன்று ஒருவர் பழித்தால், நாளை மற்றொருவர் அதனை விரித்துப் படித்து அப்பழியைத் துடைக்கலாம். மேடையில் நிகழ்ந்த நடிப்போ திரை விழுந்தவுடன் மறைந்துவிடுகின்றது. கண்டவர் நெஞ்சில் சில காலம் தங்கி, அவரோடு அதுவும் அழிகின்றது. ஆதலின் நாடகத் திறனாய்வாளனுக்கு இரட்டைக் கடமை உண்டு. அவன் நடுவனாகவும் இருத்தல் வேண்டும். சான்றாளனாகவும் இருத்தல் வேண்டும். அவன் பொய்யுரைத்தால் திருத்துவதற்கு வேறு ஏடு இல்லை.

இவ்விரட்டைக் கடமையை முதன்முதலில் முழுமையாக உணர்ந்து செயற்பட முயன்றவர்களுள் ஒருவர் செருமானிய அறிஞர் கோட்ஹோல்டு எஃப்ரயீம் லெசிங். அவருடைய முயற்சி பாதி வழியிலேயே தடைப்பட்டது. தடைப்பட்ட அந்த வரலாறுதான் நாடகக் கலைக்கு நேர்மையான திறனாய்வு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றது.

வணிக நகரில் ஒரு கனவு

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் செருமானிய நிலம் ஒரே நாடாக இருக்கவில்லை. பற்பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அரசவைகளில் பிரெஞ்சு மொழிக்கும் பிரெஞ்சு நாடகத்திற்குமே மதிப்பு. செருமானிய மொழியில் நடித்தவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகத் திரிந்த குழுவினர். இன்று ஓரூர், நாளை வேறூர் என்று அலைந்த அவர்களுக்கு நிலையான மேடையும் இல்லை; நிலையான வருவாயும் இல்லை; சமுதாயத்தில் மதிப்பும் இல்லை.

இந்நிலையை மாற்ற விழைந்தது எல்ப் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரான ஹாம்பர்க். வணிகர் சிலர் பொருளுதவி செய்ய, லோவன் என்பார் இயக்குநராக அமைய, அந்நகரில் ஒரு தேசிய நாடக அரங்கம் உருவாயிற்று. சைலர் என்னும் வணிகர் அம்முயற்சியின் முன்னணியில் நின்றார். அரங்கத்திற்கு ஒரு புலவர் தேவை எனக் கருதி அவர்கள் லெசிங்கை அழைத்தனர்.

சாக்சனியில் காமன்ஸ் என்னும் சிற்றூரில் 1729ஆம் ஆண்டு பிறந்த லெசிங், கிறித்துவ போதகர் ஒருவரின் மைந்தர். ‘மிஸ் சாரா சாம்ப்சன்’ என்னும் நாடகத்தை 1755ஆம் ஆண்டிலும், கவிதைக்கும் ஓவியத்திற்கும் உள்ள எல்லைகளை ஆராயும் ‘லாவகூன்’ என்னும் நூலை 1766ஆம் ஆண்டிலும் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றிருந்தார். கேட்ட பொழுதெல்லாம் நாடகம் எழுதித் தருவது தமக்கு இயலாது என்று அவர் வெளிப்படையாகவே கூறிவிட்டார். அதன்பின் 800 தாலர் ஊதியத்தில் அரங்கத்தின் திறனாய்வாளராக அவர் அமர்த்தப்பட்டார். அங்கு நிகழும் நாடகங்களை ஆராய்ந்து வாரம் இருமுறை இதழ் ஒன்று வெளியிடுவது அவர் பணி. அவ்விதழ்களின் தொகுப்பே பிற்காலத்தில் ‘ஹாம்பர்க் நாடகவியல்’ எனப் புகழ்பெற்றது.

இவ்வேற்பாட்டில் ஒரு முரண் தொடக்கத்திலேயே அடங்கியிருந்தது. ஊதியம் கொடுப்பது அரங்கம். ஆராயப்படுவதும் அதே அரங்கம். விளம்பரம் எழுதுவோருக்குக் கூலி கொடுக்கும் முதலாளிகள் உலகில் பலர். தம் குறையைச் சொல்லுமாறு கூலி கொடுத்தோர் மிகச் சிலரே. ஹாம்பர்க் வணிகர்கள் இவற்றுள் எதனை எதிர்பார்த்தனரோ, லெசிங் தமக்குரிய கடமை எதுவென்பதில் ஐயம் கொள்ளவில்லை.

முதல் இரவின் நேர்மை

1767ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் அரங்கம் திறக்கப்பட்டது. அன்று நிகழ்ந்தது குரோனெக் என்னும் கவிஞரின் ‘ஒலிண்டும் சொஃப்ரோனியாவும்’ என்னும் துன்பியல் நாடகம். இளம் வயதில், 26 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த கவிஞர் அவர். அந்நாடகத்தை நிறைவு செய்யாமலே அவர் மறைந்தமையால் வேறொருவர் அதனை முடித்து வைத்திருந்தார். திறப்பு விழா நாடகம். மறைந்துபோன இளங்கவிஞரின் படைப்பு. ஊதியம் தரும் அரங்கத்தாரே தேர்ந்தெடுத்தது. புகழ்ந்துரைத்து அமைதல் எளிது. பலரும் அதனையே செய்திருப்பர்.

லெசிங் அவ்வாறு செய்யவில்லை. தம் முதல் இதழ்களிலேயே அந்நாடகத்தின் குறைகளை எடுத்துரைத்தார். அதில் வரும் பாத்திரம் ஒன்று தக்க காரணமின்றித் திடீரென மனம் மாறிச் சமயம் மாறுகின்றது. மேடையில் மனித உள்ளம் இயற்கையான காரண காரியத் தொடர்புடனேயே இயங்குதல் வேண்டும். வியத்தகு மாற்றம் என்ற பெயரில் அத்தொடர்பை அறுத்தல் ஆகாது என்பது அவர் முடிபு. குறை கூறியதோடு அவர் நிற்கவில்லை. குறைக்குரிய காரணத்தைக் கூறினார். காரணத்திலிருந்து பொதுவிதி ஒன்றை வகுத்தார். கவிஞர் மறைந்துவிட்டாலும் அடுத்து எழுதப்போகும் கவிஞனுக்கு அது வழிகாட்டும் அன்றோ?

அதே இரவில் கான்ராட் எக்ஹோஃப் என்னும் நடிகர் சிறியதொரு வேடத்தில் தோன்றினார். அவரைக் குறிப்பிடுகையில் லெசிங்கின் எழுதுகோல் மகிழ்ச்சியோடு ஓடுகின்றது. எவ்வளவு சிறிய வேடமாயினும் முதன்மை நடிகர் அவரே என்பது விளங்குவதாகவும், மற்ற வேடங்களையும் அவரே ஏற்று நடிக்கக் காண இயலவில்லையே என்னும் ஏக்கம் பிறப்பதாகவும் அவர் எழுதினார். நாடகம் குறையுடையது, நடிப்பு நிறைவுடையது. இரண்டையும் பிரித்துக் காட்டியதே அவருடைய நேர்மையின் நுட்பம்.

இப்பிரித்தறியும் திறனை லெசிங் தம் இதழின் முன்னறிவிப்பிலேயே வற்புறுத்தியிருந்தார். மேடையில் ஒரு காட்சி சுவையற்றுப் போனால், பிழை ஆசிரியனுடையதா, நடிகனுடையதா என்று ஆய்ந்தறிதல் வேண்டும். ஒருவன் செய்த பிழைக்கு மற்றொருவனைப் பழித்தால் இருவருமே கெடுவர். பழிக்கப்பட்டவன் ஊக்கம் இழப்பான், தப்பியவன் செருக்குறுவான். பள்ளி நாடகங்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் எவரும் மனத்துள் பொறித்துவைக்க வேண்டிய கருத்து இது.

சிறியோரிடம் கடுமையும் பெரியோரிடம் பணிவும் காட்டும் திறனாய்வு நேர்மையானதன்று. லெசிங் பெரும்பெயருக்கும் அஞ்சவில்லை. அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் போற்றப்பட்ட வால்டேர் உயிரோடு இருந்தார். அவருடைய ‘செமிராமிஸ்’ நாடகத்தில் இறந்த மன்னனின் ஆவி பட்டப்பகலில், அவையோர் அனைவரும் கூடியிருக்கத் தோன்றுகின்றது. ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லெட்’ நாடகத்திலோ ஆவி நள்ளிரவின் அமைதியில் தோன்றுகின்றது. அச்சம் முழுவதும் ஹேம்லெட் என்னும் ஒருவனின் உள்ளத்தின் வழியாக நம்மை வந்தடைகின்றது. முன்னதைக் கண்டு எவரும் நடுங்குவதில்லை. பின்னதைக் கண்டு நம்பாதவரும் நடுங்குகின்றனர். இவ்வொப்பீட்டின் வாயிலாக, ஆவி உண்டா இல்லையா என்னும் வினா மேடைக்கு உரியதன்று என்பதையும், நம்பச் செய்யும் ஆற்றல் ஆசிரியனிடம் உண்டா இல்லையா என்பதே வினா என்பதையும் லெசிங் நிறுவினார்.

விரல் நுனியில் நின்ற நடிப்பு

நடிப்பைப் பற்றி அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்ததெனத் தக்கது 13ஆம் இதழில் உள்ளது. அவருடைய நாடகமான ‘மிஸ் சாரா சாம்ப்சன்’ மேடையேறியபோது, சாராவாக நடித்தவர் ஹென்சல் அம்மையார். நாடகத்தின் முடிவில் சாரா நஞ்சினால் உயிர் துறக்கின்றாள். மரணத் தறுவாயில் உள்ளோர் தம் ஆடையை விரல் நுனியால் பற்றி இழுப்பர் என்பது நோயாளிகளின் அருகிருந்தோர் அறிந்த உண்மை. ஹென்சல் அம்மையார் அதனை நன்கு பயன்படுத்திக்கொண்டார். உயிர் பிரியும் அக்கணத்தில், விறைத்த கையின் விரல்களில் மட்டும் மெல்லியதொரு துடிப்பு தோன்றிற்று. ஆடையைச் சிறிதே கிள்ளினார், அது சிறிதே உயர்ந்தது, உடனே தாழ்ந்தது. அவ்வளவுதான்.

அலறல் இல்லை, புரளல் இல்லை. அணையும் விளக்கின் கடைசிச் சுடர் போன்ற அந்தச் சிறு அசைவை லெசிங்கின் கண் தவறவிடவில்லை. அன்று அவ்வரங்கில் கைதட்டியவர்களின் ஓசை அன்றே அடங்கிற்று. மாலைகள் மறுநாளே வாடின. ஆனால் அந்த விரலசைவு 250 ஆண்டுகளைக் கடந்து இன்றும் நம் கண்முன் நிகழ்கின்றது. ‘மிகச் சிறப்பாக நடித்தார்’ என்று மட்டும் அவர் எழுதியிருப்பாரானால், ஹென்சல் அம்மையாரின் கலையில் ஓர் அணுவும் நமக்கு எஞ்சியிராது. புகழ்ச்சொல் அழிந்துபடும், கண்டதைக் கண்டவாறு கூறும் சொல்லே நிலைத்து நிற்கும்.

மௌனமான பகுதி

அதே அம்மையார் பின்னர் ‘செனி’ என்னும் நாடகத்தில் இளம்பெண்ணின் வேடம் ஏற்றார். 20ஆம் இதழில் அவருடைய நடிப்பாற்றலை லெசிங் மனமாரப் பாராட்டினார். பாராட்டிய பின், ஒரே ஒரு குறையையும் சுட்டினார். அக்குறை அரியது, பிறர் பொறாமை கொள்ளத் தக்கது. வேடத்திற்கு நடிகையார் மிகப் பெரியவராக இருக்கின்றார் என்பதே அது. பயிற்சிச் சிறுவனின் துப்பாக்கியை ஏந்தி அரக்கன் ஒருவன் அணிவகுப்புப் பயில்வதைப் போன்று தோன்றுகின்றது என்று உவமை கூறிய லெசிங், திறமையாகச் செய்ய முடிந்தவை அனைத்தையும் செய்தே தீரவேண்டும் என்பதில்லை என்றும் அறிவுறுத்தினார்.

நகைச்சுவை கலந்த அவ்வுரையில் பாராட்டே மிகுதி எனலாம். ஆயினும் அம்மையாரின் உள்ளம் அதனை ஏற்கவில்லை. அரங்கத்தை நடத்தியோரிடம் செல்வாக்குடைய அவர் தம் மனக்குறையை வெளிப்படுத்தினார். வேறொரு நடிகை, தம்மைப் பற்றி ஒரு சொல்லும் எழுதலாகாது என்று முன்னரே வேண்டிக்கொண்டதாகவும் கூறுவர். 25ஆம் இதழோடு நடிகர்களைப் பற்றி எழுதுவதை லெசிங் அறவே நிறுத்திவிட்டார்.

நூலின் மொத்த இதழ்கள் 104. எஞ்சிய 79 இதழ்களில் நாடக இலக்கணம் உண்டு. பிரெஞ்சு நாடகங்களைப் பற்றிய வாதம் உண்டு. அச்சத்தையும் இரக்கத்தையும் பற்றிய அரிய ஆராய்ச்சி உண்டு. ஆனால் எக்ஹோஃபின் குரல் எவ்வாறு தாழ்ந்தது, ஹென்சல் அம்மையாரின் கை எவ்வாறு உயர்ந்தது என்னும் செய்திகள் இல்லை. மனம் புண்பட்டவர்கள் வென்றனர். அவ்வெற்றியால் லெசிங் இழந்தது சிறிது. நடிகர்கள் இழந்ததே பெரிது. தம்மைக் காலத்திற்கு அப்பால் கொண்டு செல்ல வந்த ஓடத்தைத் தாமே கரையோடு கட்டிப்போட்டனர்.

மனம் புண்படுதலின் மூலம்

இதனால் லெசிங் சினங்கொண்டு வசைபாடவில்லை. மாறாக, நடிகர்கள் ஏன் இவ்வளவு எளிதில் மனம் புண்படுகின்றனர் என்று ஆராய்ந்தார். தம் நூலின் இறுதிப் பகுதியில் அவர் கூறும் விடை ஆழமானது. செருமானியரிடம் நடிகர்கள் இருக்கின்றனர். நடிப்புக்கலை இல்லை என்றார் அவர். நடிப்பைப் பற்றிய பொதுப்பேச்சு மிகுதியாக உண்டு. இன்ன இடத்தில் இன்னவாறு நடித்தல் சரி, இன்னவாறு நடித்தல் பிழை என்று அறுதியிட்டுக் கூறத்தக்க தெளிந்த விதிகளோ மிகச் சில. பொதுவான அளவுகோல் இல்லாதவிடத்துப் பாராட்டு குறைவாகத் தோன்றும். குறைகூறல் மிகையாகத் தோன்றும். தாம் புகழப்படுகின்றோமா இகழப்படுகின்றோமா என்பதே நடிகருக்கு விளங்காது. ஒரு கலையின் விதிகள் எவ்வளவுக்கெவ்வளவு குறைவாகவும் தெளிவற்றும் உள்ளனவோ, அவ்வளவுக்கவ்வளவு அக்கலைஞர்களின் மனம் திறனாய்வைத் தாங்காது என்பது அவர் கண்ட உண்மை.

இக்கருத்து இலக்கண ஆசிரியர்களுக்கு எளிதில் விளங்கும். வெண்பாவில் தளை தட்டினால் மாணவன் ஆசிரியரைச் சினப்பதில்லை. தளை இன்னது என்பதை இருவரும் அறிவர். நடிப்பில் அத்தகைய பொது அறிவு வளராதவிடத்து, திருத்தம் பகையாகத் தோன்றுகின்றது. எனவே கலைஞனின் மென்மையான உள்ளத்திற்கு மருந்து பொய்ப்புகழன்று, கலையறிவே மருந்து.

இவ்வுண்மையை நடிகர் எக்ஹோஃப் முன்னரே உணர்ந்திருந்தார். ஷ்வேரின் நகரில் 1753ஆம் ஆண்டு அவர் நடிகர்களுக்கென ஒரு கழகத்தை நிறுவினார். குழுவின் நடிகர்கள் ஒருங்கே அமர்ந்து நாடகங்களைப் படித்தனர், வேடங்களை ஆராய்ந்தனர், தம் கலையின் விதிகளைத் தேடினர். நெடுநாள் அக்கழகம் நிலைக்கவில்லை. ஆயினும், லெசிங் எக்ஹோஃபிடம் கண்ட உயர்வுக்கும், தம் கலையைத் தாமே ஆராய்ந்த அப்பண்பிற்கும் தொடர்பு உண்டு எனக் கருதுதல் பொருந்தும்.

காரணம் கூறிய பிழை

லெசிங்கின் தீர்ப்புகள் அனைத்தும் சரியானவை அல்ல. அரிஸ்டாட்டிலின் கவிதையியல், யூக்ளிடின் வடிவியலைப் போன்று பிழையற்றது என அவர் நம்பினார். பிரெஞ்சு நாடகாசிரியர்களிடம், குறிப்பாகக் கார்னேயிடம், அவர் காட்டிய கடுமை மிகையானது என்று பிற்காலத்தோர் பலர் கருதினர். நேர்மை உடையவன் பிழையே செய்யான் என்பது இல்லை.

ஆனால் லெசிங் எந்தத் தீர்ப்பையும் காரணமின்றிக் கூறவில்லை. காரணம் கூறப்பட்ட பிழையைப் பின்வருவோர் சோதித்துத் திருத்த இயலும், அவ்வாறே திருத்தினர். காரணமற்ற புகழையோ இகழையோ திருத்துவதற்கு வழியே இல்லை. அது சரியாக இருந்தாலும் பயனற்றது.

தம்மைப் பற்றியும் அவர் இதே அளவுகோலால் அளந்தார். தம்முள் கவிதை ஊற்று இயல்பாகச் சுரப்பதில்லை என்றும், குழாய் வைத்து இறைத்தே கொணர வேண்டியுள்ளது என்றும், தம் படைப்பில் நல்லன இருப்பின் அவை திறனாய்வறிவால் வந்தவையே என்றும் நூலின் முடிவில் அவர் எழுதினார். அவர் எழுதிய ‘மின்னா ஃபொன் பார்ன்ஹெல்ம்’ என்னும் நாடகம் 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதே அரங்கில் நிகழ்ந்தது. செருமானிய மேடையில் அது இன்றும் நடிக்கப்படுகின்றது. அத்தகையதொரு நாடகத்தைப் படைத்தவர், தம்மைக் கவிஞர் என்று கூறிக்கொள்ளவும் தயங்கினார். பிறர் குறையைச் சொல்லும் உரிமை, தன் குறையை ஒப்புக்கொள்வோனுக்கே முழுமையாக உண்டு.

கனவின் முடிவும் நூலின் வாழ்வும்

ஹாம்பர்க் அரங்கம் இரண்டு ஆண்டுகளுக்குள் வீழ்ந்தது. பொருள் வற்றியது, பொதுமக்களின் ஆதரவு குன்றியது. லெசிங்கின் இதழைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்றோரும் அவருக்கு இழப்பை உண்டாக்கினர். வாரம் இருமுறை வருதல் நின்று, இறுதி இதழ்கள் 1769ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. அந்நூல் அரங்கின் முதல் 52 மாலைகளையே ஆராய்ந்தது. அதற்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சிகள் அதில் இடம்பெறவில்லை. செருமானியர் இன்னும் ஒரு தேசமாகவே ஆகாதபோது அவர்களுக்குத் தேசிய அரங்கம் அமைக்க முனைந்தது வெள்ளையுள்ளத்தின் கனவு என்று லெசிங் கசப்போடு எழுதி முடித்தார்.

அரங்கம் அழிந்தது. அதன் முதலீடு அழிந்தது. அதன் நடிகர்கள் மறைந்தனர். அந்த அரங்கத்தை இன்று உலகம் நினைவுகூர்வதற்கு முதன்மையான காரணம், அதன் குறைகளை எழுதிய நூலே. ஊதியம் கொடுத்த வணிகர்கள் விளம்பரம் ஒன்றை வாங்கியிருப்பின் அது அவர்களோடே மறைந்திருக்கும். நாடக வரலாற்றிலும் திறனாய்வு வரலாற்றிலும் தவிர்க்கவியலாத நூலாக ‘ஹாம்பர்க் நாடகவியல்’ இன்றும் பயிலப்படுகின்றது.

தமிழ் மேடை பெறும் பாடம்

கடல் கடந்த ஒரு நகரின் இப்பழங்கதை தமிழ் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தொலைவானதன்று. பள்ளி ஆண்டு விழாக்களிலும் இயக்கங்களின் கலை நிகழ்ச்சிகளிலும் நாடகங்கள் மேடையேறுகின்றன. நடிப்போர் அறிமுகமானவர், எழுதியவர் நண்பர், இயக்கியவர் உடன் பணியாற்றுபவர். சிறிய சமுதாயத்தில் மெய்யுரைப்பது எளிதன்று. ஆகவே, வாழ்த்துரையே திறனாய்வு என்னும் பெயரில் வழங்குகின்றது. பொன்னாடையும் மாலையும் போர்த்தப்பெற்று இல்லம் திரும்பும் இளைஞன், தான் எங்கே சிறந்தான், எங்கே சறுக்கினான் என்பதை அறியாமலே அடுத்த மேடைக்குச் செல்கின்றான். அவனுக்குச் செய்யப்பட்டது அன்பன்று. அன்பின் பெயரால் செய்யப்பட்ட வஞ்சனை.

இடித்துரைக்கும் துணையின் அருமையை வள்ளுவர் அரசனுக்கு எடுத்துரைத்தார். அரசனுக்குப் பொருந்துவது கலைஞனுக்கும் பொருந்தும். இடித்துரைத்தல் என்பது இழித்துரைத்தல் அன்று. லெசிங்கின் இதழ்களிலிருந்து அதன் நெறியை எளிதாகத் தொகுத்துக்கொள்ளலாம். மேடையில் நிகழ்ந்ததை முதலில் உள்ளவாறு கூறுக. எழுதியவனின் பிழையை நடித்தவன் மீது ஏற்றாதொழிக. புகழ்ந்தாலும் பழித்தாலும் காரணம் காட்டுக. பெயரின் பெருமையையோ சிறுமையையோ நோக்காதொழிக. இவற்றை வகுப்பறையில் பயின்ற மாணவன், நாளை மேடையில் நிற்பினும் அரங்கில் அமரினும் திறனாய்வைப் பகையாகக் கருதமாட்டான்.

ஹென்சல் அம்மையார் தம்மைப் பற்றி எழுதவேண்டாம் என்று தடுத்தார். அவர் வேண்டியவாறே நிகழ்ந்தது. தடுப்பதற்கு முன் எழுதப்பட்ட சில வரிகள் மட்டும் எஞ்சின. அவ்வரிகளில்தான் அவருடைய விரல்கள் இன்றும் ஆடையின் ஓரத்தைப் பற்றுகின்றன. அவை எழுதப்படாத மற்ற மாலைகளில் அவர் எவ்வாறு நடித்தார் என்பதை அறிந்தவர் இன்று ஒருவரும் இல்லை.